ஒப்புநோக்குவோரும் ஒப்புநோக்கப்படுவோரும்

மனிதன் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. ‘நான் அவனினும் உயர்ந்தோன்’, ‘நான் அவனுக்கு நிகரானோன்’, ‘நான் அவனினும் தாழ்ந்தோன்’ என்னும் மூன்று எண்ணங்களையும் மானம் என்னும் ஒரே தளையின் மூன்று புரிகளாக நம் தம்ம நூல்கள் எண்ணி வைத்துள்ளன. (தமிழில் நாம் போற்றும் மானம் வேறு, பாலி நூல்கள் கூறும் மானம் தன்னைப் பிறரோடு வைத்து அளந்து பார்க்கும் செருக்கு.) உயர்வெண்ணம் தளை என்பதை எவரும் எளிதில் ஒப்புவர். தாழ்வெண்ணமும் தளையே என்பதை ஒப்புவதற்கு நம்மைப்போல் தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்டோர்க்குச் சிறிது காலம் பிடித்தது.

இவ்வொப்பீட்டையே ஒரு சாஸ்திரமாக வளர்த்து அதைத் தம் தொழிலாகவும் கொண்டோர் மானிடவியலார். உலகத்து மக்கட் கூட்டங்கள் எவ்வாறு மணந்துகொள்கின்றன, இறந்தோரை எவ்வாறு அடக்கம் செய்கின்றன, யாரோடு உண்கின்றன, யாரைத் தொட அஞ்சுகின்றன என்பவற்றையெல்லாம் ஊர் ஊராய்ச் சென்று தங்கிக் கண்டு எழுதி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது அவர்கள் பணி. அவர்கள் நமக்குக் கற்பிக்கும் முதற் பாடம் நல்ல பாடமே: பிறர் வழக்கத்தைப் பழிப்பதற்கு முன் அதைப் புரிந்துகொள். ஆனால் அப்பாடத்திலிருந்து ஒரு கேள்வி கிளைக்கிறது. புரிந்துகொண்ட பின்னராவது பழிக்கலாமா? ஒரு சமூகத்தின் வழக்கத்தை அதற்கு வெளியே நிற்பவர் நன்று என்றோ தீது என்றோ கூறுவது முறையாகுமா?

ஜீவனஹள்ளியில் வாழும் நமக்கு இஃது ஏட்டுக் கேள்வியன்று. காக்ஸ் டவுனை அடுத்த இப்பகுதியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே குழாயடியில் வழங்கும். பட்டாளத்தோடும் பட்டாளத்துக்கு ஊழியஞ் செய்தும் சென்னை இராஜதானியிலிருந்து வந்தவர்களின் வழியில் வந்தோர் இந்தப் பழைய தண்டுப் பகுதியில் பலர். இங்கே ஒப்பீடு தானே நடக்கிறது. அதற்கு ஆராய்ச்சியாளர் வரவேண்டுவதில்லை. எனினும் அவர்களும் வருகிறார்கள். வினாத்தாளோடு வரும் கல்லூரி மாணவர், நாம் பௌத்தர் என்று கூறியதும் எழுதுகோலைச் சற்றே நிறுத்தி, ‘அதற்கு முன் என்ன?’ என்று பணிவோடு கேட்பதை நம்மில் பலர் அறிவோம். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் கையிலுள்ள தாளில் அந்தக் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்பதே ஆராயத்தக்கது.

சென்னை எழும்பூரிலுள்ள அரசாங்கப் பொருட்காட்சிச் சாலைக்கு 1885 முதல் 1908 வரை தலைவராயிருந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த ‘தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்’ என்னும் பெருநூல் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. சாதிகளின் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால், அந்த ஒரு நூலிலாவது பிராமணரும் பறையரும் எழுத்து முறைப்படியே நிற்கின்றனர் என்று நாம் வேடிக்கையாகக் கூறிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே நடந்தது வேடிக்கையன்று. தலையின் நீள அகலம், மூக்கின் உயரம், அதன் அகலம் ஆகியவற்றைக் கவராயம் போன்ற கருவிகளால் அளந்து, சாதிவாரியாகச் சராசரி கண்டு பட்டியலிட்டார் தர்ஸ்டன். வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள் அவரைக் கண்டு ஓடிவிட்டனராம். தங்களுள் நல்ல உருவமுடையோரைத் தேர்ந்தெடுத்து, உடலுக்குள் வைக்கோல் திணித்துச் சென்னைப் பொருட்காட்சிச் சாலையில் நிறுத்திவிடுவார் என்று அஞ்சினராம். இதனை அவரே ஒரு நகைச்சுவைச் செய்தியாகத் தம் முன்னுரையில் எழுதியிருக்கிறார். நமக்கு அதில் நகை தோன்றவில்லை. உயிருள்ள மனிதரைக் காட்சிப் பொருளாகக் காணும் பார்வை ஒன்று உண்டு என்பதை எழுத்தறியா அப்பெண்கள் ஒரு நொடியில் கண்டுகொண்டனர். அவர்கள் அச்சம் செய்தியளவில் தவறு, கருத்தளவில் சரியே.

தர்ஸ்டனுக்கு இப்பணியில் முன்மாதிரியாக விளங்கியவர் வங்காளத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ரிஸ்லி. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்தியவரும் அவரே. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் கிடைக்கும். அவ்வெண் கூடக்கூடச் சாதியின் மதிப்புக் குறையும் என்பது ரிஸ்லியின் கொள்கை. அதாவது, சமூகம் ஒருவனைத் தாழ்த்தியது போதாதென்று அவன் மூக்கும் அதற்குச் சாட்சி கூறவேண்டும்! இத்தகைய ஒப்பீட்டில் அளவுகோல் ஆராய்ச்சியாளன் கையிலும், முடிவு அவன் மனத்திலும் முன்பே இருந்தன. அளக்கப்பட்டவர்கள் நடுவே நின்றார்கள்.

இவ்வாராய்ச்சியைக் கவிழ்த்தது வேறோர் ஆராய்ச்சியே என்பதை மறத்தலாகாது. ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த பிரான்ஸ் போவாஸ், அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியரும் அவர்தம் மக்களுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்தார். பெற்றோர் தலைவடிவும் அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளைகள் தலைவடிவும் வேறுபடக் கண்டார். இனத்தின் மாறா முத்திரை என்று கருதப்பட்ட தலையோடு ஒரே தலைமுறையில் மாறுமாயின், அதைக்கொண்டு மனிதரை மேல் கீழாக அடுக்குவது எங்ஙனம்? இந்தியாவில் 1932இல் ஜி. எஸ். குர்யே ரிஸ்லியின் அளவுகளை மறுபடி ஆராய்ந்தார். 1948இல் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் தீண்டாதாரைப் பற்றி எழுதிய நூலில் அதே மூக்களவுகளை எடுத்து வைத்து, பிராமணரும் தீண்டாதாரும் ஒரே இனத்தவர் என்னும் முடிவையே அவை தருகின்றன என்று காட்டினார். பிராமணர் ஆரியரானால் தீண்டாதாரும் ஆரியரே, அவர் திராவிடரானால் இவரும் திராவிடரே என்பது அவர் வாதம். நம்மை அளப்பதற்குக் கொண்டுவந்த கோலால் அளந்தவரின் கணக்கைத் திருத்திய செயல் அது.

அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அம்பேத்கர் இத்துறைக்குள் புகுந்திருந்தார் என்பதை நம் கூட்டங்களில் போதிய அளவு பேசுவதில்லை. 1916ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், அலெக்ஸாண்டர் கோல்டன்வைசர் என்னும் மானிடவியலார் கொலம்பியாவில் நடத்திய ஆராய்ச்சி வகுப்பில், இந்தியச் சாதிகளின் இயக்கம், தோற்றம், வளர்ச்சி பற்றிய கட்டுரையை அவர் படித்தார். கோல்டன்வைசர் போவாஸின் மாணாக்கர். அம்பேத்கருக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. மறு ஆண்டு அக்கட்டுரை ‘இந்தியன் ஆண்டிகுவரி’ என்னும் ஆராய்ச்சி ஏட்டில் அச்சேறியது.

அக்கட்டுரையின் நடையை நோக்குமின். தாம் பட்ட அவமானம் ஒன்றேனும் அதில் இல்லை. உலகத்துப் பழங்குடிகள் பலவற்றில் தன் குலத்துக்குள் மணவாமை என்னும் வழக்கம் பரவியிருப்பதை அவர் முதலில் எடுத்துக்கொள்கிறார். இந்தியாவிலும் கோத்திரத்துக்குள் மணம் இல்லை. அவ்வாறிருக்க, கோத்திரத்தைக் கடந்து மணக்கும் மக்களுக்குச் சாதியைக் கடந்து மணக்கலாகாது என்னும் வேலி எங்ஙனம் வந்தது? அந்த அகமண வேலியே சாதியின் உயிர் என்கிறார். வேலியைக் காக்கவேண்டுமாயின் ஒரு கூட்டத்துள் ஆண் பெண் தொகை சமமாயிருத்தல் வேண்டும். கணவன் இறந்தால் மனைவி மிகையாகிறாள். மனைவி இறந்தால் கணவன் மிகையாகிறான். மிகையான பெண்ணை எரித்துவிடுவது ஒரு வழி, மறுமணம் மறுத்து மூலையில் வைப்பது இரண்டாம் வழி. மிகையான ஆணுக்கோ, இன்னும் பருவம் அடையாத சிறுமியை மணம் முடித்து வைப்பது வழி. உடன்கட்டை, கைம்மைக் கொடுமை, குழந்தை மணம் என்று தனித்தனியே புனிதம் பேசப்பட்ட மூன்று வழக்கங்களும் ஒரே கணக்கின் மூன்று விடைகள் என்பதை இருபத்தைந்து வயது இளைஞர் அந்நிய நாட்டு வகுப்பறையில் விளக்கினார். மேலே இருந்த ஒரு வகுப்பு கதவைச் சார்த்திக்கொண்டது. மற்றவருள் சிலர் அதைப் பார்த்துத் தாமும் சார்த்தினர், சிலர் தம் முகத்தில் கதவு சார்த்தப்பட்டிருக்கக் கண்டனர். ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சாதியில் நிறத்துக்கு மிகையான இடம் கொடுத்தது அவர்கள் தம் நிறவெறியின் கண்ணாடி வழியே பார்த்ததனால் என்றும் அவர் குறிக்கிறார். ஆராயப்படுவோர் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, ஆராய்வோர் இருக்கையில் அமர்ந்து, ஆராய்ச்சியாளரின் கண்ணோட்டத்தையும் ஆராய்ச்சிப் பொருளாக்கிய நாள் அது.

நம் தமிழகத்தில் இதனை வேறொரு முறையில் முன்பே செய்தவர் பண்டிதர் அயோத்திதாசர். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907 முதல் இதழ் நடத்திய அவர், பண்டிகைகளையும் சடங்குகளையும் சொற்களையும் எடுத்து, அவற்றின் அடியில் பௌத்தம் புதைந்து கிடப்பதாகக் காட்ட முயன்றார். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் யாவற்றையும் மொழிநூலார் ஏற்பதில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கருதத்தக்கது. திருவாரூர்த் திருவிழாவில் தாழ்த்தப்பட்டார் தலைவருக்கு யானைமேல் இடமுண்டு, மேல்கோட்டைக் கோயிலில் ஆண்டில் சில நாள் அவர்கள் உட்செல்லும் உரிமை உண்டு என்பன போன்ற செய்திகள் தர்ஸ்டன் தொகுதிகளில் விந்தைகளாகக் கிடக்கின்றன. அவர் அவற்றைக் குறித்துக்கொண்டு அடுத்த சாதிக்குப் போய்விடுகிறார். பண்டிதரோ இத்தகைய சிதறல்களைக் கண்டால், ‘முன்பு என்ன நடந்தது?’ என்று கேட்டு அங்கேயே நின்றுவிடுவார். ஒரு மக்கட் கூட்டத்துக்கு வழக்கம் மட்டுமன்றி வரலாறும் உண்டு என்று எண்ணுவோர் கேட்கும் கேள்வி அது.

இனி நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். போவாஸின் வழியில் வந்தோர், ஒரு மக்களின் வழக்கத்தை அம்மக்களின் வாழ்க்கை முழுவதோடும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்றனர். ஐரோப்பியர் தம்மை நாகரிகத்தின் உச்சியில் வைத்துக்கொண்டு பிற மக்களைப் படிப்படியாகக் கீழே அடுக்கிய காலத்தில், இது மாமருந்தாயிற்று. இதனால் நன்மை பெற்றோருள் நாமும் உளோம். ஆனால் மருந்து அளவு மீறிற்று. 1947இல் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனம் ஒன்றை வரைய முற்பட்டபோது, அமெரிக்க மானிடவியற் கழகத்தின் நிர்வாகக் குழு ஓர் அறிக்கையை அனுப்பிற்று. மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் என்னும் பேரறிஞர் அதை வரைந்தார். தனி மனிதனை மதிப்பதாயின் அவன் வளர்ந்த பண்பாட்டையும் மதித்தல் வேண்டும். பண்பாடுகளைத் தரம் பிரிக்கும் முறை எதுவும் கண்டறியப்படவில்லை. நன்மை தீமை என்பன அவை தோன்றிய பண்பாட்டைச் சார்ந்தவை. ஆகவே ஒரு நாட்டாரின் அளவுகோலை உலகமனைத்துக்கும் விதித்தல் தகாது என்பது அதன் சாரம்.

இவ்வறிக்கையைச் சற்றே தில்லிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை தீண்டாமையை ஒழிக்கும் விதியை ஏற்றுக்கொண்டது. அதுவே அரசியல் சட்டத்தின் 17ஆம் விதியாயிற்று. பதினொரு நாள் கழித்து, டிசம்பர் 10ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. தீண்டாமை இந்நாட்டுப் பண்பாட்டுக்குப் புறம்பானதா? அன்று. நூல்களில் உண்டு, கோயிலில் உண்டு, கிணற்றில் உண்டு, சுடுகாட்டிலும் உண்டு. ஒரு பண்பாட்டின் பகுதி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அறிக்கையின் வழிநின்றால், 17ஆம் விதி ஒரு பண்பாட்டின் வாழ்முறைக்கு இழைத்த அவமதிப்பு என்றன்றோ முடியும்! அறிக்கையினரும் இவ்விடர்ப்பாட்டை ஓரளவு உணர்ந்தனர். குடிகளின் பங்கை மறுக்கும் அரசுகள் உள்ள நாடுகளிலும், அடியில் உறையும் பண்பாட்டு மதிப்புகளைத் துணைக்கு அழைக்கலாம் என்று ஓரிடத்தில் எழுதினர். ஜூலியன் ஸ்டூவர்ட் என்னும் சக மானிடவியலார் அடுத்த ஆண்டே இவ்வறிக்கையை மறுத்து எழுதினார். அதே கழகம் 1999இல் மனித உரிமைகளை ஆதரித்து வேறொரு பிரகடனம் செய்தது. இடையில் ஐம்பத்திரண்டு ஆண்டுகள்.

எங்கே பிழை? பிறரை மதிக்க வேண்டும் என்பதில் பிழையில்லை. ஒரு பண்பாடு ஒரே வாயால் பேசுகிறது என்று கொண்டதே பிழை. ஊரும் உண்டு, சேரியும் உண்டு. ஊரார் கூற்றைப் பண்பாடு என்றும், சேரியார் முணுமுணுப்பை அப்பண்பாட்டில் நேர்ந்த இடையூறு என்றும் எழுதினால், மதிப்பது பண்பாட்டையன்று, அதில் வலியோரை.

பகவான் புத்தர் இதே ஒப்பீட்டு முறையை எவ்வாறு கையாண்டார் என்பதை இங்கே நினைத்தல் பொருந்தும். மஜ்ஜிம நிகாயத்தில் அஸ்ஸலாயனர் என்னும் இளைஞர், பிராமணரே உயர்ந்த வருணத்தார் என்று வாதிட வருகிறார். யோனர், காம்போஜர் முதலிய எல்லைப்புற நாட்டாரிடத்தில் ஆண்டான், அடிமை என இரண்டே பிரிவுகள் உள்ளனவென்றும், ஆண்டான் அடிமையாதலும் அடிமை ஆண்டானாதலும் அங்கே நிகழ்கின்றனவென்றும் கேள்வியுற்றதுண்டா என்று பகவான் வினவுகிறார். உண்டு என்கிறார் இளைஞர். வாதம் அங்கேயே பாதி முடிந்தது. நான்கு வருணம் இயற்கையாயின் எங்கும் இருத்தல் வேண்டும்; பக்கத்து நாட்டில் இல்லை; ஆகவே அது மனிதர் வகுத்த ஏற்பாடு. பகவான் யோனரின் வழக்கத்தை நல்லதென்று கூறவில்லை என்பது கருதத்தக்கது. அடிமைமுறை உள்ள நாட்டை எவர் புகழ்வார்? வேற்று நாட்டை மேலே வைக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. அதனை ஒரு சாளரமாக்கி, தன் வீட்டுச் சுவரே உலகின் எல்லை என்றிருந்த இளைஞரை எட்டிப் பார்க்கச் செய்தார், அவ்வளவே. வாசெட்ட சுத்தத்திலோ, புல்லுக்கும் மரத்துக்கும் பறவைக்கும் பிறப்பிலேயே வேற்றுமைக் குறிகள் உண்டு, மனிதரின் தலையிலோ காதிலோ மூக்கிலோ அத்தகைய சாதிக்குறி இல்லை என்று உறுப்பு உறுப்பாக எண்ணிக் காட்டுகிறார். மூக்கையும் விடாது எண்ணியதைப் படிக்கும்போது ரிஸ்லியை நினையாதிருக்க முடிவதில்லை.

இனி, ஆராய்ச்சியாளர் எங்கே தங்குகிறார் என்பதும் ஆராயத்தக்க விஷயம். ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்து ஊரொன்றில் (ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டார்) தங்கி எழுதிய நூல் இன்றும் போற்றப்படுவது. அவர் தங்கியது அக்கிரகாரத்தில், பிராமணர் வீட்டில். அங்கே தங்கியதனால் ஆதிதிராவிடர் தெருவுக்குச் சென்று பழகுதல் எளிதாயில்லை என்பதை அவரே எழுதிவைத்தார். அந்நேர்மை பாராட்டத்தக்கது. எனினும் அக்கிரகாரத்துத் திண்ணையிலிருந்து சேரி எவ்வளவு தூரம் என்பது நமக்குத் தெரியும். அது அடிக்கணக்கில் அளக்கும் தூரமன்று.

இதனினும் தெளிவான ஒரு நிகழ்ச்சி இமயமலை அடிவாரத்தில் நடந்தது. ஜெரால்ட் பெர்ரிமன் என்னும் அமெரிக்கர் 1957-58இல் கார்வால் பகுதி மலையூர் ஒன்றில் ஆராய்ச்சி செய்தார். முதலில் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக வாய்த்தவர் ஒரு பிராமணர். ஊரார் யாவரும் ஆசாரம் பேசினர். மேற்சாதியார் தாம் புலால் உண்பதையும் கைம்பெண் மறுமணத்தையும் மறைத்தனர். தாழ்ந்த சாதியார் வாயே திறவாராயினர். இடையில் அப்பிராமணர் நோயுற்று விலக, முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் அவ்விடத்துக்கு வந்தார். ஊர் அதே ஊர், கேள்வியும் அதே கேள்வி, விடைகள் மாறின. தாழ்ந்த சாதியார் தம் வீட்டுக்குள் அழைத்துப் பேசலாயினர். ஊரின் மற்றொரு முகம் அப்பொழுதே வெளிப்பட்டது. 1962இல் பெர்ரிமன் இதை ஒளியாது எழுதி வெளியிட்டார். மொழிபெயர்ப்பாளருக்கு நோய் வாராதிருந்தால், அவ்வூர்த் தாழ்த்தப்பட்டோர் தம் நிலையை உளமார ஏற்று வாழ்கின்றனர் என்று ஒரு நூல் வந்திருக்கக்கூடும். நாமும் அதை நூலகத்தில் எடுத்துப் படித்துக்கொண்டிருப்போம்.

அத்தகைய நூல் வராமலும் இல்லை. மைக்கேல் மொபட் என்பவர் செங்கற்பட்டு மாவட்டத்து எண்டவூரில் ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட நூல், சேரியாரும் சாதி முறையை உள்ளூர ஏற்றவரே என்றது. அதற்கு அவர் காட்டிய சான்று, சேரிக்குள்ளேயே புரோகிதஞ் செய்வோர், துணி வெளுப்போர், அவர்க்குங் கீழானோர் என்று ஊரின் அடுக்கு முழுவதும் மறுபடி அமைந்திருக்கிறது என்பது. அதே செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆராய்ந்த ஜோன் மென்ஷர் என்னும் அம்மையார் 1974இல் எழுதிய கட்டுரையில், சாதியைக் கீழிருந்து நோக்கினால் அது உழைப்பைச் சுரண்டும் ஏற்பாடாகவே தோன்றும் என்றார். கூலியையும் நிலத்தையும் பற்றி வினவியோர்க்கு ஒரு விடை. சடங்கையும் தீட்டையும் பற்றி வினவியோர்க்கு வேறொரு விடை. நம் உள்ளம் மென்ஷர் அம்மையார் பக்கமே சாய்கிறது. அடிமைப்பட்டோன் ஆண்டையின் நடையைப் பின்பற்றுவதனால் ஆண்டைக்கு ஒப்புதல் கொடுத்தான் என்று ஆகாது. கண்முன் வேறு மாதிரி இல்லாதபோது இருக்கும் மாதிரியைத்தானே எவரும் பார்த்து எழுதுவர்? ஆனால் மொபட் கண்டதைக் கண்டிலேம் என்று கூற நமக்கு வாய் வாராது. சேரிக்குள் அடுக்கு உண்டு. தமக்கு வெளுப்பவரைத் தம் வீட்டுப் பந்தியில் அமர்த்தாத சேரிகள் இருந்தன. அவர் கொண்ட முடிவை மறுக்கலாம், அவர் கண்ட காட்சியை மறுத்தலாகாது.

ஒப்புநோக்குதல் மேலோர் கையில் மட்டும் இருந்ததன்று. 1946இல் அம்பேத்கர் அவர்கள் அமெரிக்கக் கறுப்பு மக்களின் தலைவர் டூ பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, தீண்டாதார் நிலையும் கறுப்பர் நிலையும் பெரிதும் ஒத்திருத்தலைக் குறித்து, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர் அனுப்பிய விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் டூ பாய்ஸ் அன்போடு மறுமொழி எழுதினார். இருவரும் ஒருவரையொருவர் மேல் கீழாக அளந்தாரில்லை. ஒருவர் நோயின் குறியை மற்றவர் நோயின் குறியோடு வைத்துப் பார்த்தனர். 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நிறவெறி எதிர்ப்பு மாநாடு கூடியபோது சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று தலித் இயக்கங்கள் கேட்டன. இந்திய அரசாங்கம் எதிர்த்தது. சாதியை இனமென்று கொள்வது அறிவியலுக்கு ஒவ்வாதது என்று பெத்தேய் எழுதினார். அவர் கூற்றில் ஒரு பாதி அம்பேத்கர் 1948இல் நிறுவியதே: சாதி இனமன்று. ஆனால் நோயின் காரணம் வேறாயிருப்பதனால் வலி வேறாகிவிடாது. அடுத்த ஆண்டே ஐக்கிய நாடுகளின் நிறவெறி ஒழிப்புக் குழு, பிறப்பு வழி வரும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியது.

இவற்றையெல்லாம் படித்த பின் மாணவர் கையிலிருந்த அந்தக் கட்டத்துக்குத் திரும்புவோம். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதியார்க்குரிய சலுகைகள் இந்து சமயத்தார்க்கே என்றிருந்து, 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் விரிந்தன. ஆகவே பௌத்தர் என்று எழுதிய பின்னும் பழைய சாதியை எழுதும் தேவை நமக்கு உண்டு; அதற்கு நாணவேண்டுவதில்லை. அரசாங்கம் கடன் பத்திரத்தில் கடனாளியின் பெயரைக் கேட்பது போன்றது அது, கடன் தீரும் வரையில் பெயர் இருந்தே தீரும். 2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு நடத்துவதாக 2025இல் அறிவிக்கப்பட்ட குடிக்கணக்கிலும் சாதி கேட்கப்படும் என்று அரசாங்கம் கூறியது. அக்கட்டத்தை நிரப்புவது எளிது.

எளிதல்லாதது 1916ஆம் ஆண்டுக் கட்டுரை நம்மை நோக்கிக் கேட்பது. அகமணமே சாதி என்று அம்பேத்கர் கூறினார். திரிசரணம் சொல்லி, பஞ்சசீலம் ஏற்று, வீட்டுச் சுவரில் பகவான் படத்தை மாட்டிய பின்னும், பெண் கொள்ளுங்காலும் கொடுக்குங்காலும் நாம் விசாரிப்பது எதை? வடார்க்காட்டுச் சொந்தத்தையா, கோலார் தங்கவயல் சொந்தத்தையா, அல்லது தம்மம் ஏற்ற எவர் வீட்டையுமா? வேறொரு தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து தம்மத்துக்கு வந்தவர் வீட்டில் சம்பந்தம் செய்தோர் நம்மில் எத்தனை பேர்? இதனை அறிய மூக்களக்கும் கருவி வேண்டியதில்லை. சங்கங்களில் நடைபெறும் திருமணங்களுக்குப் பதிவேடு உண்டு. மணமக்கள் இருவரின் ஊரும் பெற்றோர் பெயரும் அதில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எண்ணி முடித்துவிடலாம். அதை நாமே திறந்து எண்ணுவதா, வினாத்தாளோடு வரும் மாணவரிடம் கொடுத்து எண்ணச் சொல்வதா என்பதை அடுத்த மாதக் கூட்டத்தில் அன்பர்கள் பேசி முடிவு செய்யலாம். எவர் எண்ணினாலும், எண்ணிய தொகை குறைவாயிருப்பினும், அதனை இவ்விதழில் உள்ளபடியே அச்சிடுதல் வேண்டும் என்பது நம் கருத்து.